முப்பது லட்சம் ஹெக்டேரும் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டரும்

இமயமலைப் பனியாறுகளின் பரப்பு ஏறத்தாழ முப்பது லட்சம் ஹெக்டேர் என்கிறது ஓர் அறிக்கையின் ஒரு வரி. அதே பிரிவில் சற்றுத் தள்ளி வரும் இன்னொரு வரி, அவற்றின் மொத்தப் பரப்பு இப்போதுள்ள 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 2035-க்குள் 1,00,000 சதுர கிலோமீட்டராகச் சுருங்கக்கூடும் என்கிறது. நூறு ஹெக்டேர் சேர்ந்தது ஒரு சதுர கிலோமீட்டர். முப்பது லட்சத்தை நூறால் வகுத்தால் முப்பதாயிரம். அப்படியானால் முதல் வரியின்படி இன்று 30,000 சதுர கிலோமீட்டர் இருக்கும் பனி, இரண்டாம் வரியின்படி முப்பது வருடம் உருகிய பிறகு ஒரு லட்சம் சதுர கிலோமீட்டராக இருக்கும்.

பள்ளிப் பிள்ளை மனக்கணக்காகப் போட்டுவிடும். ஆனாலும் இந்த இரண்டு வரிகளும் ஒரே பிரிவுக்குள் அச்சேறின. அறிக்கையோ சாதாரணமானதல்ல: ஐபிசிசி எனப்படும், பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2007-ல் வெளியிட்ட நான்காம் மதிப்பீட்டு அறிக்கை. அதன் இரண்டாம் பணிக்குழுத் தொகுதியில், ஆசியாவைப் பற்றிய பத்தாம் அத்தியாயத்தில் இவை உள்ளன. அந்த நான்காம் அறிக்கையின் வரைவுகளுக்கு மொத்தம் சுமார் 90,000 கருத்துரைகள் வந்தன. உலகில் இவ்வளவு பேர் கூடி மதிப்பாய்வு செய்யும் ஆவணங்கள் மிகக் குறைவு.

அந்தப் பிரிவு பெயர் கெட்டது வேறொரு வரியால். இமயமலைப் பனியாறுகள் உலகில் வேறெங்கும் இல்லாத வேகத்தில் பின்வாங்குகின்றன, இதே வேகம் நீடித்தால் 2035-க்குள், ஒருவேளை அதற்கும் முன்பே, அவை மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்று அது சொன்னது. 2010 ஜனவரி 20 அன்று ஐபிசிசி இதைத் தவறென்று ஒப்புக்கொண்டது. சான்றுக்கான தன் சொந்த விதிமுறைகள் அந்தப் பத்தியில் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்றும் அறிவித்தது. புவி வெப்பமடைதல் பற்றிய அறிவியலே பொய் என்று கூச்சல் போட்டவர்களுக்கு இது நல்ல தீனி. அறிவியலுக்கு இதனால் குறை ஒன்றும் வரவில்லை. கொள்கை வகுப்பாளர்களுக்கான சுருக்கத்தில் அந்த 2035 இடம்பெறவே இல்லை. வரைவை மதிப்பாய்வு செய்யும் வேலையைப் பற்றி அந்த ஒற்றைப் பத்தி சொல்லிக்கொடுப்பதுதான் இங்கே முக்கியம். வரைவுகளும் கருத்துரைகளும் அவற்றுக்கு ஆசிரியர்கள் எழுதிய பதில்களும் பிற்பாடு பொதுவில் வைக்கப்பட்டதால், எங்கே எது நழுவியது என்று ஒவ்வொரு அடியாகப் பார்க்க முடிகிறது. இந்த வசதி பெரும்பாலான அலுவலக அறிக்கைகளுக்குக் கிடையாது.

முதலில் நடைமுறை. அத்தியாய ஆசிரியர்கள் முதல் வரைவை எழுதுவார்கள். அது துறை வல்லுநர்களுக்குப் போகும். கருத்துரைகளைப் பார்த்துத் திருத்திய இரண்டாம் வரைவு, வல்லுநர்களோடு அரசுகளுக்கும் போகும். வரைவின் ஒவ்வொரு வரிக்கும் எண் இருக்கும். மதிப்பாய்வாளர் எந்தப் பக்கம், எந்த வரி முதல் எந்த வரி வரை என்று குறித்துக் கருத்துரை எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் நேராக ஆசிரியர்களின் பதில் பதிவாகும். இவர்கள் இரு தரப்புக்கும் நடுவே, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும், மதிப்பாய்வு ஆசிரியர்கள் என்று சிலர் உண்டு. கருத்துரைகளுக்கு ஆசிரியர்கள் ஒழுங்காக முகம் கொடுத்தார்களா என்று பார்ப்பது மட்டுமே அவர்கள் வேலை.

பனியாற்றுப் பத்தி யார் கண்ணிலும் படாமல் போகவில்லை. அதுதான் இதில் வேடிக்கை. ஜப்பான் அரசு, இது மிக முக்கியமான கூற்றாயிற்றே, வாய்ப்பு ‘மிக அதிகம்’ என்றால் எந்த அளவு உறுதி என்று கேட்டது. கேள்வி நியாயமானது. ஐபிசிசி மொழியில் ‘வாய்ப்பு உண்டு’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘பெரிதும் வாய்ப்பு உண்டு’ என்றால் 90 சதவீதத்துக்கு மேல். அந்த அளவுகோலைக் கொண்டு எழுதப்பட்டதுபோல் தோற்றம் தரும், ஆனால் அதற்குள் வராத ஒரு சொற்றொடரைத்தான் ஜப்பான் சுட்டியது. உரிய திருத்தங்கள் செய்யப்பட்டன என்று பதில் எழுதினார்கள். அச்சில் அந்தச் சொற்றொடர் அப்படியே இருக்கிறது.

இன்னொரு மதிப்பாய்வாளர், மேற்கே காரகோரம் மலைத்தொடரின் பெரிய பனியாறுகளுக்கு இது பொருந்துமா என்று ஐயம் எழுப்பினார். அவற்றில் சில விரிவடைவதாகச் சொல்லும் 2005-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றையும் காட்டினார். குறிப்பிட்ட ஆய்வு கைக்குக் கிடைக்கவில்லை, இறுதி வடிவில் கவனிக்கிறோம் என்பது பதில். மூன்றாமவர் முரண்பாட்டையே பிடித்துவிட்டார்: பனியாறுகள் 2035-க்குள் மறையும் என்கிறீர்கள், அடுத்த வரியிலேயே 2035-ல் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் மிஞ்சும் என்கிறீர்களே? இதைத் தெளிவுபடுத்தத் தவறிவிட்டோம் என்ற பொருளில் ஒரு வரிப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

மூவர் கேட்டதையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். முதலாமவர் கேட்டது உறுதியின் அளவை. இரண்டாமவர் கேட்டது ஒரு பகுதிக்கான விதிவிலக்கை. மூன்றாமவர் கேட்டது இரண்டு வரிகளுக்குள் இருந்த பொருத்தமின்மையை. ‘2035’ என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. வரி தவறு என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு கேள்வி போதும். அதைக் கேட்கும் பொறுப்பு யாருக்கும் தனியாகக் கொடுக்கப்படவில்லை.

கேட்டிருந்தால் பாதை நீளமானதல்ல. அத்தியாயத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த சான்று, டபிள்யூடபிள்யூஎஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 2005-ஆம் ஆண்டு அறிக்கை. அதைத் திறந்தால், அது காட்டுவது 1999-ல் ‘நியூ சயின்டிஸ்ட்’ வார இதழில் வந்த செய்தி ஒன்றை. அந்தச் செய்தி ஒரு விஞ்ஞானியோடு நடந்த பேச்சை வைத்து எழுதப்பட்டது. அதற்குப் பின்னால் அளவீடும் இல்லை, ஆய்வுக் கட்டுரையும் இல்லை. ஐந்து லட்சம், ஒரு லட்சம் என்ற எண்கள் வேறு வழியாக வந்தவை. 1996-ல் யுனெஸ்கோ வெளியிட்ட, ரஷ்யப் பனியியல் அறிஞர் கோட்லியாகோவின் அறிக்கையில் அதே இரண்டு எண்கள் இருக்கின்றன. ஆனால் அவை இமயமலையைப் பற்றியவை அல்ல. துருவப் பகுதிகளைத் தவிர்த்து உலகம் முழுவதும் உள்ள பனியாறுகளின் பரப்பு அது. ஆண்டும் 2035 அல்ல, 2350.

இரண்டு கிளிக், அல்லது நூலகத்தில் ஓர் அரை நாள். சான்றைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். ‘(டபிள்யூடபிள்யூஎஃப், 2005)’ என்று இருக்கிறதா, நூற்பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா, சரி, அடுத்த வரி. இது மேற்கோள் எழுதிய முறை சரியா என்று பார்ப்பது. சொன்னது சரியா என்பது வேறு சோதனை. உள்ளடக்க மதிப்பாய்வு என்றால், மேற்கோள் காட்டப்பட்ட ஆவணத்தைத் திறந்து, அந்தக் குறிப்பிட்ட வாக்கியம் அங்கே இருக்கிறதா, அது இன்னொருவரைக் காட்டுகிறதா என்று பார்த்து, அளந்தவர் அல்லது கணக்கிட்டவர் கையில் போய் முட்டும்வரை பின்தொடர்வது. எல்லா வரிக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். நூறு பக்க ஆவணத்தில் இது தேவைப்படும் வரிகள் பத்துப் பதினைந்து இருக்கும்: தலைப்புச் செய்தியாகக்கூடியவை, ‘மிக’, ‘வேறெங்கும் இல்லாத’, ‘முதல்முறையாக’ போன்ற சொற்கள் உள்ளவை, பணமோ உயிரோ நாளோ சம்பந்தப்பட்டவை. முதல் வாசிப்பில் இவற்றுக்கு மட்டும் ஒரு கோடு போட்டுக்கொண்டு, சான்று தேடும் வேலையை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்வது நல்லது. முதல் வாசிப்பிலேயே தேட ஆரம்பித்தால் இருபதாம் பக்கத்தோடு அன்றைய பொழுது முடிந்துவிடும்.

சான்றைத் தேடாமலே பிடிபடும் தவறுகளும் உண்டு. அதே அத்தியாயத்தில் பனியாறுகள் பின்வாங்கியதைக் காட்டும் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆண்டுக்கு 135.2 மீட்டர் என்று இருந்தது. 1966-லிருந்து 1845-ஐக் கழித்தால் 121 ஆண்டுகள். 2,840-ஐ 121-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 23.5 மீட்டர். 135.2 எப்படி வந்தது? 21-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். நூறு ஆண்டு கழிக்கும்போதே தொலைந்திருக்கிறது. அட்டவணையில் வேகமாகப் பின்வாங்கும் பனியாறாகப் பிண்டாரி நின்றது இந்தக் கழித்தல் பிழையால்தான்.

அட்டவணையை மதிப்பாய்வு செய்யும்போது கால்குலேட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். கூட்டுத்தொகை, சதவீதம், சராசரி, ‘ஆண்டுக்கு இத்தனை’ என்ற எல்லாக் கட்டங்களையும் திரும்பப் போட வேண்டும். மற்ற எல்லா வரிசையையும்விடப் பல மடங்கு பெரிதாக நிற்கும் எண்ணை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதும் நமக்கு இதில் கூடுதலாக ஒரு பள்ளம்: மில்லியன், பில்லியனை லட்சம், கோடியாக மாற்றும் இடம். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி, ஒரு டிரில்லியன் லட்சம் கோடி. மொழிபெயர்த்த வரைவுகளில் ஒரு சுழி கூடியோ குறைந்தோ இருப்பது அவ்வளவு சாதாரணம், மூலத்தை வைத்துப் பார்க்காமல் அப்படிப்பட்ட எண்ணை நம்பவே கூடாது.

கணக்குக்கு அடுத்தது நடப்புச் சோதனை. சொல்வது இயற்கையில் நடக்கக் கூடியதா? 2010-ல் பனியியலாளர்கள் நால்வர் ‘சயின்ஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் செய்தார்கள். பனியாறுகள் 2035-க்குள் மறைய வேண்டுமானால், 1960 முதல் 1999 வரை இருந்த இழப்பைப்போல் 25 மடங்கு வேகத்தில் உருக வேண்டும் என்று காட்டினார்கள். பனியாற்றின் கனம் தெரிந்தவருக்கு இது உடனே உறுத்தும். ஆனால் ஆசியா அத்தியாயம் இருந்தது தாக்கங்களையும் தகவமைப்பையும் பேசும் இரண்டாம் பணிக்குழுவில். பனியை அளக்கிறவர்கள் பெரும்பாலும் இருந்தது முதல் பணிக்குழுவில், அவர்களுடைய சொந்த அத்தியாயத்தோடு. எந்த நிறுவனத்திலும் இப்படித்தான். நிதிப் பிரிவின் அறிக்கையில் சட்டம் பற்றி ஒரு பத்தி இருக்கும், அதைச் சட்டப் பிரிவு பார்த்திருக்காது. மதிப்பாய்வைப் பிரித்துக் கொடுக்கும்போது அத்தியாயவாரியாகக் கொடுத்தால் போதாது. ஓர் ஆவணத்தில் தன் துறை எட்டிப் பார்க்கும் இடங்களை மட்டும் பார்ப்பதற்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும். அவருக்கு முழு அத்தியாயமும் அனுப்ப வேண்டாம், அந்த இரண்டு பக்கம் போதும். இரண்டு பக்கம் என்றால் மறுக்கவும் மாட்டார்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை நம்பி இருப்பதற்கு எதிராக இன்னொரு சான்று மருத்துவ இதழ்களிலிருந்து. ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ மதிப்பாய்வாளர்களை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 1998-ல் வெளியானது. ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைச் சேர்த்து 420 பேருக்கு அனுப்பினார்கள். 221 பேர் மதிப்பாய்வு அனுப்பினார்கள். சராசரியாக ஒருவர் கண்டது 2 குறை. 16 சதவீதத்தினர் ஒன்றைக்கூடக் காணவில்லை. இவர்கள் சோம்பேறிகள் அல்லர், துறை தெரிந்தவர்கள். ‘கட்டுரையைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்டால் மனிதக் கண் அவ்வளவுதான் பிடிக்கும். அதனால் பத்துப் பேருக்கு ஒரே வரைவை அனுப்பி ‘உங்கள் கருத்தைச் சொல்லவும்’ என்பதைவிட, நான்கு பேருக்கு நான்கு வேலை கொடுப்பது மேல். ஒருவர் எண்களும் அட்டவணையும். ஒருவர் சான்றுகளின் மூலம். ஒருவர் முதல் பக்கச் சுருக்கத்தில் உள்ளது உள்ளே உண்மையில் இருக்கிறதா என்பது. ஒருவர் விடுபட்டது என்ன என்பது. கடைசி வேலைதான் கடினம், ஏனென்றால் தாளில் இல்லாததைப் பார்க்க வேண்டும். அதைத் துறையில் மூத்தவரிடம் கொடுக்க வேண்டும். அவரை எழுத்துப்பிழை பார்க்க வைப்பது வீண்.

இனிக் கருத்துரை எழுதும் விதம். ‘இந்தப் பத்தி தெளிவாக இல்லை’, ‘சான்று தேவை’, ‘மறுபரிசீலனை செய்யவும்’ எல்லாம் ஆசிரியருக்கு எந்த வேலையையும் கொடுப்பதில்லை. ஒரு சொல்லை மாற்றிவிட்டு ‘செய்யப்பட்டது’ என்று அவர் எழுதிவிடலாம். ஜப்பானின் கேள்விக்கு நடந்தது அதுதான். கருத்துரைக்குள் நான்கு சங்கதி இருக்க வேண்டும்: இடம், வரைவு சொல்வது என்ன, அது ஏன் நிற்காது, என்ன செய்தால் ஒப்புக்கொள்வேன். பனியாற்றுப் பத்திக்கு இப்படி எழுதியிருக்கலாம்:

“வரி 12–13: ‘மொத்தப் பரப்பு 5,00,000 ச.கி.மீ.’ இதே பிரிவில் முப்பது லட்சம் ஹெக்டேர், அதாவது 30,000 ச.கி.மீ. என்று உள்ளது. இரண்டும் சரியாக இருக்க முடியாது. 5,00,000 என்பது துருவம் நீங்கலாக உலகம் முழுவதற்குமான எண். 1996 யுனெஸ்கோ அறிக்கையில் ஆண்டு 2350. அளவீட்டை அடிப்படையாகக் கொண்ட மூலத்தைக் காட்டவும். இல்லையேல் இந்த வரியையும் இதற்கு முந்தைய வரியையும் நீக்கவும்.”

‘இல்லையேல் நீக்கவும்’ என்ற பகுதி முக்கியம். அது இருந்தால், ஆசிரியர் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவாகப் பதிவாகும். அதற்கு அவர் காரணம் எழுதியாக வேண்டும்.

கருத்துரைகளைத் தரம் பிரிப்பதும் மதிப்பாய்வாளர் கையில்தான் இருக்கிறது. ஐம்பது கருத்துரைகளில் நாற்பத்தைந்து ஒற்றுப்பிழையும் காற்புள்ளியுமாக இருந்தால், ஆசிரியர் மேலிருந்து கீழே வேகமாகப் போய் முடித்துவிடுவார். பனியாறு நடுவில் எங்கோ இருக்கும். மொழித் திருத்தங்களைத் தனித் தாளில் கொடுத்துவிட்டு, ‘இது சரியாகாமல் வெளியிடக் கூடாது’ என்ற வகையை முதலில் வைக்க வேண்டும். அந்த வகையில் ஐந்துக்கு மேல் இருந்தால் வரைவு இன்னும் மதிப்பாய்வுக்குத் தயாராகவில்லை என்று அர்த்தம். திருப்பி அனுப்புவது மரியாதைக் குறைவல்ல.

2010 மார்ச்சில் ஐ.நா. பொதுச்செயலரும் ஐபிசிசியும் கேட்டுக்கொண்டதன்பேரில், உலக அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பான இன்டர்அகாடமி கவுன்சில் ஒரு விசாரணை நடத்தியது. ஆகஸ்ட் 30 அன்று வந்த அதன் அறிக்கை, ஆசிரியர்கள் கருத்துரைகளைப் போதிய கவனத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை, மதிப்பாய்வு ஆசிரியர்களும் அதை உறுதிசெய்யவில்லை என்றது. பரிந்துரையில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது ஒன்று: எல்லாக் கருத்துரைக்கும் ஒரே மாதிரி பதில் எழுதச் சொல்லாதீர்கள். எழுந்த கேள்விகளில் மிக முக்கியமானவை எவை என்று மதிப்பாய்வு ஆசிரியர்கள் ஒரு சுருக்கம் எழுதட்டும். அவற்றுக்கு விரிவான பதில், மற்ற உள்ளடக்கக் கருத்துரைகளுக்குச் சுருக்கமான பதில், மொழித் திருத்தங்களுக்குப் பதிலே வேண்டாம். 90,000 கருத்துரைகளுக்குச் சமமாகப் பதில் எழுத வைத்தால் ‘தவறிவிட்டோம்’ என்ற ஒரு வரிப் பதிலும் ஒழுங்கான பதில்போல் அட்டவணையில் உட்கார்ந்துகொள்ளும்.

பின்னர் விதிகள் இறுகின. நாளிதழும் வார இதழும் பொதுவாக அறிவியல் சான்றாகச் செல்லாது என்று எழுதிவைத்தார்கள். தவறென்று யாரேனும் சுட்டினால் அதை ஆராய்ந்து திருத்தவும் ஒரு நடைமுறை வந்தது. அளவு மட்டும் குறையவில்லை. 2021-ல் வந்த ஆறாம் அறிக்கையின் முதல் பணிக்குழுத் தொகுதிக்கு மட்டும் 78,007 கருத்துரைகள்.

கடைசியாக, இந்த எந்தச் சோதனையிலும் எளிதில் சிக்காத ஒரு வகை. அதே 2007 தொகுதியில் நெதர்லாந்தின் 55 சதவீத நிலப்பரப்பு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று ஒரு வரி. தகவல் வந்தது நெதர்லாந்து அரசின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு முகமையிடமிருந்தே. தன் நாட்டைப் பற்றி அந்நாட்டு அரசு முகமை சொல்வதை யார் சந்தேகப்படுவார்கள்? உண்மையில் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பது 26 சதவீதம். ஆற்று வெள்ள அபாயம் உள்ளது இன்னொரு 29 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 55. கூட்டலில் பிழையில்லை, மூலமும் நம்பத் தகுந்தது. ‘வெள்ள அபாயம் உள்ள பகுதி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கடல்மட்டத்துக்குக் கீழே’ என்று சுருங்கியதுதான் கோளாறு. இதைப் பிடிக்க, தொகை எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் இது எவற்றின் கூட்டு என்று கேட்டு, பிரித்த எண்களை வாங்கிப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. பிரித்த எண்களைக் கொடுத்தவரே, தான் எழுதிய வாக்கியம் தவறு என்பதை அப்போது கவனித்துவிடுவதும் உண்டு.